இடை மெலிந்த எழுத்து

மகளின் அலமாரியில் எஸ்டீ லாடர் முகப்பூச்சுக் குப்பி ஒன்று இருக்கிறது. பூச்சு தீர்ந்து ஒரு வருடமாகிறது. தூக்கிப் போட நான்தான் விடவில்லை. காரணம், அதன் மேல் அச்சாகியிருக்கும் பெயர். நெட்டைக் கோடுகள் நடுவில் இடை மெலிந்து, இரண்டு முனையிலும் துளி அகலமாகின்றன. ஓர் உடுக்கையை இரு பக்கமும் பிடித்து முழ நீளத்துக்கு இழுத்தால் அப்படி ஓர் இடை கிடைக்கும். முனையில் செரிஃப் என்கிற குறுங்கோடு கிடையாது. ஆனாலும் செரிஃப் இல்லாத மற்ற ‘சான்ஸ் செரிஃப்’ எழுத்துகளைப் போலக் கம்பியை வளைத்து வைத்த தோற்றமும் இல்லை. ஆப்டிமா என்று பெயர். முதல் தடவை பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் தீராத பிரியம்.

1950இல் ஃபிளாரன்ஸ் நகரத்து சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குள் ஹெர்மன் ஸாப்ஃப் என்ற ஜெர்மானியர் நுழைந்தார். மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் அடங்கியிருக்கும் இடம் அது. ஜோட்டோ தீட்டிய சுவரோவியங்களுக்காக அங்கே எல்லோரும் அண்ணாந்து நடப்பார்கள். ஸாப்ஃப் குனிந்து நடந்தார். தரையெங்கும் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பல தலைமுறைக் கால்கள் தேய்த்த அந்தக் கற்களில் சில பெயர்கள் செரிஃப் இல்லாமல், முனை மட்டும் சற்றே விரிந்து வெட்டப்பட்டிருந்தன. வரைந்துகொள்ளலாம் என்றால் கையில் தாள் தீர்ந்துவிட்டது. சட்டென்று ஆயிரம் லிரா நோட்டு ஒன்றை எடுத்து, அதில் அச்சில்லாத இடம் பார்த்து எழுத்துகளை வரைந்தார்.

அந்த நோட்டின் படம் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். யுத்தம் முடிந்து ஐந்தே வருடம். போர்க்காலத்தில் படைக்கு வரைபடம் எழுதிக் கொடுத்தவர் ஸாப்ஃப். பூதக்கண்ணாடி இல்லாமலே ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்தை எழுதும் கண் அவருக்கு. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியராக ஆசைப்பட்டார். தொழிற்சங்கக்காரரான அப்பாவை நாஜிகளுக்குப் பிடிக்காததால் படிப்பு வாய்க்கவில்லை. எழுதக் கற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றது. அப்படிப்பட்டவருக்கு ஒரு நோட்டின் வெற்றிடம் பெரிய மைதானமாகத்தான் இருந்திருக்கும். செத்தவர்களின் பெயர்கள் மேல் குனிந்தபடி, கைச்செலவுக்கான காசின் மேல் ஒரு மனிதர் எழுத்து வரைகிற அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் ஃபிளாரன்ஸ் போக வேண்டும்.

எழுத்து அச்சுக்கு வர எட்டு வருடம் ஆயிற்று. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பல் வார்ப்பகத்தில் ஆகஸ்ட் ரோசன்பெர்கர் என்ற கைகாரர் செதுக்கிக் கொடுக்க, 1958இல் வெளியானது. ஆப்டிமா என்பது விற்பனைக்காரர்கள் வைத்த பெயர். ஸாப்ஃப் வைக்க விரும்பியது ‘நோய் ஆன்டிகுவா’.

ரோசன்பெர்கரின் கை எவ்வளவு நுட்பமானது என்பது எனக்கு ஒரு துக்கத்தின்போதுதான் தெரிந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்க ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வடநாட்டு நண்பர்களுக்காகப் பெயரை ஆங்கிலத்திலும் போட வேண்டியிருந்தது. ஆப்டிமாவில்தான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அன்றைய லேசர் பிரின்டருக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிதான். அந்த மெல்லிய வளைவை அதனால் வளைக்க முடியவில்லை. இடை மெலிய வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி குறைந்து படிக்கட்டு விழுந்தது. அப்பாவின் பெயரில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பல். நாலைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு வேறு எழுத்துக்கு மாறினேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வாஷிங்டனில் 1982இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் இருப்பதும் ஆப்டிமாதான். வடிவமைத்த காலத்தில் மாயா லின் கல்லூரி மாணவி, வயது 21. ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், அரை அங்குல உயரத்தில். அகர வரிசை கிடையாது. மாண்ட நாள்தான் வரிசை. பதவி எதுவும் போடவில்லை. இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை என்பேன். செரிஃப் வைத்த எழுத்தாக இருந்தால் பட்டயத்தின் மிடுக்கு வந்திருக்கும்; சீரான கோடாக இருந்தால் அலுவலகப் பட்டியலாகியிருக்கும். பெயர்களைப் பொறித்தது மணலை வீசும் இயந்திரம். ஆனால் முனையின் அந்தச் சிறு விரிவால், ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து உளியால் வெட்டியது போலிருக்கிறது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் தாக்குதலில் மாண்டவர்களின் நினைவிடத்திலும் இதே எழுத்துதான். அங்கே வெண்கலத்தை ஊடுருவி வெட்டியிருப்பதால் இரவில் பெயர்களுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறது.

வாஷிங்டன் சுவரின் கருங்கல் பெங்களூரிலிருந்து போனது. பளபளப்பு ஏற்றிய கல். பெயரைத் தேடுகிறவரின் முகம் அந்தப் பெயருக்குப் பின்னால் தெரியும். பெயரைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு அதன் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்க்கிறார்கள். தாள் கறுக்க, நடுவே பெயர் மட்டும் வெள்ளையாக எழும்பி வருகிறது. அதை மடங்காமல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.