பதினைந்து ஃபிரேமில் ஒரு ரயில்

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறவர்களுக்கு, துப்பாக்கிச் சண்டை ஆட்டக்காரர்கள் மத்தியில் மரியாதை கிடையாது. "இதுல என்னடா இருக்கு? நேராப் போகும், நிக்கும், அவ்வளவுதானே" என்பார்கள். அந்த 'நிக்கும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம், 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். மாலையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி என்ட்ரி போடுகிற வேலை, மாதம் 2,000 ரூபாய். ஏழு மாதம் சேர்த்ததில் கையில் 14,000. அந்தப் பணம் சி.ஏ. படிப்புக்குப் பதிவு செய்ய என்று வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்தது. ஆனால் அவன் கண் வேறு இடத்தில் இருந்தது.

அவன் ஓட்டுவது டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக். இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2001-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ரயில் ஆட்டத்தை உருவாக்கியது இங்கிலாந்தின் குஜு நிறுவனம். அதே நிறுவனம் 2007-ல் ரயில் சிமுலேட்டர் என்று இன்னொன்றைச் செய்தது. அது 2009-ல் ரயில்வொர்க்ஸ் ஆகி, பிறகு ஆண்டுக்கொரு பெயர் மாற்றிக்கொண்டு இன்றைய 'கிளாசிக்' ஆனது. சட்டை மாறினாலும் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு 2007 காலத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அவனுக்குப் பிடித்தது லண்டன் பாடிங்டனில் முடியும் தடம். வயல்வெளியில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ரயில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், ஃபிரேம் ரேட் 45 காட்டும். லண்டனுக்குள் நுழைந்ததும் வீடுகள், பாலங்கள், பக்கத்துத் தண்டவாளங்களில் பத்துப் பன்னிரண்டு ரயில்கள் என்று நெரிசல். 45 முப்பதாகி, இருபதாகி, புருனெல் கட்டிய அந்த 1854-ஆம் வருடத்து இரும்புக் கூரை கண்ணில் படும்போது 15-க்கு வந்து நிற்கும். நடுநடுவே அரை நொடி அப்படியே உறைந்தும் போகும்.

அரை நொடிதானே என்று தோன்றும். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். அரை நொடி உறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5 மீட்டர் ஓட்டியதற்குச் சமம். பாடிங்டன் கடைசி நிலையம். தண்டவாளம் முடிகிற இடத்தில் முட்டுக்கட்டை இருக்கிறது. ஒரு மணி நேரம் சிக்னல் பார்த்து, வேகம் பார்த்து ஓட்டிவிட்டுக் கடைசி ஐந்து மீட்டரில் முட்டினால் மொத்தமும் போச்சு. அவன் மூன்று முறை முட்டினான்.

கணினிக் கடைக்காரரிடம் போனான். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கார்டு மாத்துங்க தம்பி, சரியாயிடும். பதினாலு ரூபாக்கு நல்ல கார்டே இருக்கு."

பதினாலாயிரம்! கையில் இருக்கும் தொகையை யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. வாங்கிவிடுவதென்றே முடிவு செய்தான். அவனைக் காப்பாற்றியது மறுநாள் வகுப்பில் நடந்த மார்ஜினல் காஸ்டிங் பாடம்.

'லிமிட்டிங் ஃபேக்டர்' என்று ஒன்று வரும். வணிகவியல் படிக்காதவர்களுக்காக: ஒரு தொழிற்சாலையில் மூலப்பொருள் நிறைய இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆனால் இயந்திர நேரம்தான் குறைவு. அப்போது மூலப்பொருளை இன்னும் வாங்கிக் குவித்தால் உற்பத்தி ஒரு துளிகூட ஏறாது. எது குறைவோ அதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. பணம் போடுவதற்கு முன்னால் அது எது என்று கண்டுபிடி.

சரி, இவன் கம்ப்யூட்டரில் குறைவு எது?

கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. அதே தடம், அதே ரயில், அதே இடம். திரையின் ரெசல்யூஷனை மட்டும் 1920 x 1080-லிருந்து 1280 x 720-க்கு இறக்கினான். கிராஃபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்து சொச்சத்திலிருந்து 9 லட்சத்து சொச்சமாகக் குறைந்துவிட்டன. வேலை பாதிக்கும் கீழே. கார்டுதான் முட்டுக்கட்டை என்றால் ஃபிரேம் ரேட் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. 15 இருந்த இடத்தில் 16.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். கிராஃபிக்ஸ் கார்டு பாதிகூட உழைக்கவில்லை. பிராசசரும் மொத்தக் கணக்கில் 30 சதவீதம்தான். இருவருமே சும்மா இருக்கிறார்கள், ரயில் மட்டும் தவிக்கிறது. இங்கேதான் சராசரி என்கிற பொய். அது நான்கு கோர் பிராசசர். அதில் ஒரு கோர் மட்டும் மூச்சு முட்ட உழைத்து, மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்தால் சராசரி 25 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 2007 எலும்புக்கூடு என்றது இதற்குத்தான். அந்தக் கால ஆட்டங்கள் பெரும்பாலான வேலையை ஒரே கோரின் தலையில்தான் கட்டும். ஒவ்வொரு வீட்டையும் மரத்தையும் 'இதை வரை, அதை வரை' என்று கார்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அந்த ஒரு கோர்தான். அது சொல்லி முடிக்கும்வரை கார்டு காத்திருக்கும். புதுக் கார்டு வாங்கியிருந்தால் இன்னும் வசதியாகக் காத்திருந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் நோட்டை எடுத்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுவது, அதே இடத்துக்கு வருவது, எண்ணைக் குறிப்பது. (பத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் முழிப்பவர்கள்தான் அதிகம்.)

ஆன்ட்டி அலையாசிங்கைக் குறைத்தான், மாற்றமே இல்லை. அது கார்டின் வேலை. சீனரி டென்சிட்டியை உச்சத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தான், 15 போய் 21. மரம் கொடி கொஞ்சம் குறைந்தது, ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கும் தூரத்தை ஒரு படி இறக்கினான், 23. நிழல்களைக் குறைத்தான், 26. ஆட்டத்தோடு வந்த நெரிசல் நேரத்துப் பயணத்தை விட்டுவிட்டு, மற்ற ரயில்கள் குறைவாக ஓடும் காலை நேரப் பயணத்தை எடுத்தான், 32.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 15-லிருந்து 20 ஆனாலும் 5 லாபம், 60-லிருந்து 65 ஆனாலும் 5 லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. 15 என்றால் ஒரு படம் வர 66.7 மில்லி நொடி. 20 என்றால் 50. மிச்சம் கிட்டத்தட்ட 17. அறுபதிலிருந்து 65 போவதில் மிச்சமாவது 1.3 மட்டுமே. ஏழைக்குக் கிடைக்கும் ஐந்து ரூபாய்க்கும் பணக்காரனுக்குக் கிடைக்கும் ஐந்து ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியாகச் செய்தது விசித்திரமானது. கார்டின் டிரைவர் செட்டிங்கில் போய், 30-க்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப் போட்டான். வயல்வெளியில் கிடைத்த 45-ஐத் தானே வேண்டாம் என்றான். காரணம், கண்ணை உறுத்துவது குறைந்த வேகத்தைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான். 45, 32, 40 என்று குதிப்பதைவிட ஒரே சீராக 33 மில்லி நொடிக்கு ஒரு படம் வந்தால் ரயில் நிதானமாக ஓடுவது போலிருக்கும். ஃபேன் சத்தமும் அடங்கியது.

மிச்சம் இருந்தது அந்த அரை நொடி உறைவு. அது ஃபிரேம் ரேட் நோயே அல்ல. ரயில் முன்னால் போகப் போக அடுத்த ஊர் ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்தாக வேண்டும், பழைய டிஸ்க் தேடி எடுப்பதற்குள் ரயில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. வாங்கி ஆட்டத்தை அதற்கு மாற்றினான். கார்டு விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. எஸ்.எஸ்.டி. போட்டதால் 30 அறுபதாகவில்லை, ஆனால் உறைவது ஏறக்குறைய நின்றுபோனது.

அன்று இரவு அப்பா வந்து பின்னால் நின்றார். பாடிங்டன் கூரை மெல்ல மேலே வந்தது. பிரேக், கொஞ்சம் விடுதல், மறுபடி பிரேக். முட்டுக்கட்டைக்கு நான்கு மீட்டர் முன்னால் ரயில் நின்றது.

"இதுக்கா பதினாலாயிரம் கேட்ட?"

"வேணாம்பா. அது அப்படியே இருக்கட்டும். டிஸ்குக்கு எடுத்ததை அடுத்த ரெண்டு மாசச் சம்பளத்துல போட்டுடுறேன்."

சொன்னபடி போட்டான். மூன்றாவது மாதம் சி.ஏ. பதிவும் முடிந்தது. கடைக்காரர் இன்னும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாராம், "என்ன தம்பி, கார்டு மாத்தலையா?"

உங்கள் ரயிலும் தவிக்கிறதா? கடைக்குப் போகும் முன் ரெசல்யூஷனை ஒரு தடவை குறைத்துப் பாருங்கள். எண் ஏறினால் கார்டைப் பற்றி யோசிக்கலாம். ஏறவில்லை என்றால், பர்ஸை மூடிவிட்டு நோட்டைத் திறங்கள்.