எண்பது கிலோவைத் தாங்கும் சுருள்

உதவிக்கு வந்திருந்த பையன் ஷட்டரை இடுப்பளவு தூக்கிவிட்டுக் கையை எடுத்தான். "காலைத் தள்ளி வச்சுக்கடா" என்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் அது தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது.

"பாத்தீங்களா டீச்சர்? நல்ல ஷட்டர்னா விட்ட எடத்துல நிக்கணும். இது கீழ ஓடுது. ஸ்பிரிங் தளந்துபோச்சு. ஸ்பிரிங் தூக்கவேண்டிய வெயிட்டை இவ்வளவு நாளா நீங்க தூக்கிட்டு இருந்திருக்கீங்க."

வேளச்சேரியில் ஒரு தனி வீடு. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கார் நிறுத்துமிடத்துக்கு ஒன்பதடி அகலம், எட்டடி உயரத்தில் இரும்பு ரோலிங் ஷட்டர். சென்னையில் ஷட்டர் பழுதுபார்ப்பவர்களின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று இந்த மெக்கானிக்கோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பையன் அவருடைய அக்கா மகன். மாமாவும் மருமகனும் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏணியையும் கருவிப் பையையும் கட்டிக்கொண்டு வருவார்கள்.

ஒன்பதுக்கு எட்டு என்றால் 72 சதுர அடி. 1.25 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் செய்த ஷட்டர், அடிப்பட்டையும் பூட்டும் சேர்த்து 80 கிலோவுக்குக் குறையாது. அதை ஒரு வயதான அம்மா ஒற்றை ஆளாகத் தூக்க முடிகிறதென்றால் காரணம் மேலே, பெட்டிக்குள், கண்ணில் படாமல் இருக்கும் ஸ்பிரிங்தான். சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் குழாய். அது சுழலாது. அதைச் சுற்றிச் சுழல்வது ஸ்பிரிங் பாக்ஸ் என்று இவர்கள் சொல்லும் வட்டமான கூடு. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பழைய சாவிக் கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு பட்டைச் சுருள். உள்முனை குழாயில் மாட்டியிருக்கும், வெளிமுனை கூட்டில். ஷட்டரை இறக்கும்போது சுருள் இறுகுகிறது. தூக்கும்போது அந்த இறுக்கம் விடுபட்டு நம் கையோடு சேர்ந்து தூக்குகிறது. ஷட்டரின் எடையும் சுருளின் இழுவிசையும் சரிக்குச் சரியாக நின்றால்தான் விட்ட இடத்தில் நிற்கும். கீழே ஓடினால் சுருள் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே போனால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனையை எந்த வீட்டுக்காரரும் மாதம் ஒருமுறை செய்துபார்க்கலாம். ஒரு காசு செலவில்லை. குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கால்விரல்களை ஷட்டருக்கு நேர் கீழே வைக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பையன் ஓர் உளியால் பக்கவாட்டுச் சேனலைச் சுரண்டத் தொடங்கினான். கரியநிறக் களி போல ஒன்று சுருண்டு சுருண்டு வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெறுநெறுவென்றது. கிரீஸ், தெருப்புழுதி, அதற்கும் அடியில் காய்ந்து இறுகிய வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்தத் தெருவில் நின்ற தண்ணீர் விட்டுப்போன வண்டல் அது. வீட்டுக்குள் வந்த சேற்றை அந்த அம்மா கழுவித் தள்ளிவிட்டார். சேனலின் உட்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

"சத்தம் வருதுன்னு தேங்காயெண்ணெய் ஊத்தினேனே" என்றார் அவர்.

"அதான் டீச்சர் பிசினாப் புடிச்சுக்கிச்சு. சமையல் எண்ணெய் எதுவும் ஆவாது. ரெண்டு நாளைக்கு வழுக்கும், அப்புறம் புழுதியெல்லாம் வந்து ஒட்டும்."

சேனலுக்குள் கிரீஸை அப்புவதும் இதே தவறுதான் என்பது அவர் கட்சி. ஊரில் பாதி மெக்கானிக்குகள் அப்பிவிட்டுத்தான் போகிறார்கள். இவர் டீசலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு மட்டும் கொடுக்கிறார். சாலையோர வீடுகளுக்கு அதுவே போதும் என்கிறார். பார்த்தவரையில் அவர் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

சத்தத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அம்பத்தூரில் ஷட்டர்ப் பட்டி உருட்டும் பட்டறை ஒன்றுக்கு முன்பே என்னைக் கூட்டிப்போயிருந்தார். சுருளாக வரும் தகட்டுத் துண்டு வரிசையாக நிற்கும் உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுமுனையில் விளிம்பு மடிந்து, நடு வளைந்து வெளியே வருகிறது. ஒரு பட்டியின் மடிப்புக்குள் அடுத்த பட்டியைப் பக்கவாட்டில் செருகிச் செருகித்தான் முழு ஷட்டரும் உருவாகிறது. செருகியது நகர்ந்து வராமல் இருக்கப் பட்டிகளின் முனையில் ரிவிட் அடித்த பூட்டு இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஷட்டருக்கு அப்போதைக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் காசு மிச்சம். சில ஆண்டுகளில் பட்டிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நகர்ந்து சேனலின் சுவரை உரசும். தெருவே எழுந்துகொள்ளும் அந்தக் கிறீச்சல் பெரும்பாலும் இதனால் வருவது. எண்ணெய் ஊற்றி இதைத் தீர்க்க முடியாது. பையன் சுத்தியலால் தட்டித்தட்டி ஏழெட்டுப் பட்டிகளை உள்ளே தள்ளி, விட்டுப்போன முனைகளுக்குப் பூட்டு அடித்தான்.

பிறகு ஸ்பிரிங்கை முறுக்கும் வேலை. ஷட்டரை முழுக்க மேலே சுருட்டி, அவிழ்ந்து விழாமல் நைலான் கயிற்றால் கட்டினார்கள். ஏணியில் ஏறிய மெக்கானிக் பெரிய பைப் ரிஞ்சைக் குழாயில் கவ்வவிட்டு அதன் மேல் உடம்பைச் சாய்த்துக்கொண்டார். மறுமுனையில் பையன் இன்னொரு ரிஞ்சோடு ஸ்டூல் மேல் நின்றான். அதன் பிறகுதான் குழாயைப் பிடித்திருந்த யு கிளாம்புகளின் நட்டைத் தளர்த்தினார்கள். அந்த நொடியிலிருந்து சுருள்களின் மொத்த விசையும் இரண்டு மனிதர்களின் மணிக்கட்டில் இருக்கிறது. இவர் கால் சுற்று திருப்புவார், பையன் பிடித்துக்கொள்வான். இவர் ரிஞ்சை எடுத்து மறுபடி கவ்வுவார், திருப்புவார். இருவரும் பேசவில்லை. "புடி", "உட்டுட்டேன்", "மாமா இருங்க" என்று மூன்றே சொற்கள் மாறிமாறி வந்தன. பிடி நழுவினால் குழாய் பின்னோக்கிச் சுழன்று ரிஞ்சின் கைப்பிடி முகத்துக்கு வரும். மெக்கானிக்கின் தாடைக்கடியில் ஒரு நீளத் தழும்பு இருக்கிறது, அப்படி வந்ததுதான்.

இந்த ஆபத்து முழுவதும் தொழிலின் இயல்பு என்று அவர் நினைக்கவில்லை. எனக்கும் அதுவே தோன்றுகிறது. துரு ஏறாத நட்டு ரிஞ்சுக்கு உடனே திரும்பும். மழைநீர் ஒழுகி வருடக்கணக்காகத் துரு ஏறிய நட்டை முழு பலத்தோடு உதைத்துத் திருப்ப வேண்டும். அப்போதுதான் ஏணி ஆடுகிறது, பிடி நழுவுகிறது. பராமரிக்காமல் விடுவதால் வீட்டுக்காரருக்குப் போவது கொஞ்சம் பணம். மீதியெல்லாம் ஏணி மேல் நிற்பவன் உடம்பில் போய்ச் சேருகிறது. கூலியைப் பேரம் பேசும்போது இதை நாம் நினைப்பதே இல்லை. இவரிடம் காப்பீடு கிடையாது. 1994-இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் இல்லை. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகும் என்றார். நகரத்துக் கடை ஷட்டர்கள் மேல் பெயிண்டில் அச்சடித்த கைபேசி எண்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் எண்ணாகத்தான் இவரை ஊருக்குத் தெரியும்.

அளவு விஷயத்திலும் வீட்டுக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் உலோக ஷட்டர்களுக்கென்றே ஐஎஸ் 6248 இருக்கிறது. கையால் தூக்கி இறக்கும் வகையெல்லாம் 12 சதுர மீட்டருக்குள்தான்; அதற்கு மேல் கியர் வேண்டும், இன்னும் பெரிதென்றால் மோட்டார். இரண்டு கார் நிற்கும் அகலத்துக்கு ஷட்டர் போட்டுவிட்டு கியருக்குச் செலவழிக்க மாட்டேன் என்பவர்களை இவர் நிறையப் பார்த்திருக்கிறார். "முதுகு போனதும் கூப்பிடுவாங்க சார்."

நீங்களே செய்யக்கூடியவை எளியவை. சேனலின் அடிப்பகுதியை உலர்ந்த பிரஷ்ஷால் பெருக்குவது. வாசல் தெளிக்கும் தண்ணீர் அடிப்பட்டையில் தேங்காமல் பார்ப்பது, ஏனென்றால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பிடித்த இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிடுவது. ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் இழுத்தால் ஷட்டர் கோணிக்கொள்ளும் என்பதால் நடுவில் இரு கையாலும் தூக்குவது. பாதியில் நிற்காத ஷட்டருக்குச் செங்கல்லையோ கட்டையையோ முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் போய்வரவே கூடாது. யு கிளாம்பையும் ஸ்பிரிங் பாக்ஸையும் தொடவே கூடாது. வீடியோ பார்த்துவிட்டு ஏணி ஏறுபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

முறுக்கி முடித்து நட்டுகளை இறுக்கிக் கயிற்றை அவிழ்த்ததும் அந்த அம்மாவையே தூக்கச் சொன்னார் மெக்கானிக். இடுப்பளவில் விட்டார், நின்றது. இவ்வளவு லேசா என்று கேட்டவர், அடுத்து மோட்டார் போட்டுவிடலாமா என்றார்.

"போடலாம் டீச்சர். ஆனா மோட்டார் ஸ்பிரிங் கெட்டுப்போனதைச் சொல்லாது, இழுத்துக்கிட்டே கெடந்து ஒரு நாள் எரிஞ்சிடும். வருசா வருசம் இதே சர்வீஸ் அதுக்கும் வேணும். பேரப்புள்ளைங்க வர்ற வீடு, சென்சார் இல்லாம போடாதீங்க. கரண்ட் போனா தூக்கறதுக்குச் செயின் இருக்கான்னு பாத்து வாங்குங்க."

கீழே ஆள் நின்றால் ஷட்டரை நிறுத்தும் அந்த சென்சார் இல்லாமலே பொருத்திய மோட்டார்களை நான் அவரோடு போன வேறு வீடுகளில் பார்த்தேன். வாங்கியவர்களுக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியவில்லை.

வருடத்துக்கொரு சர்வீஸை ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார் அவர். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் எல்லா ஷட்டரும் ஒரே வாரத்தில் சிக்கிக்கொள்ளும். அப்போது இரவு பத்து மணிக்கு, ஈரக் குழாயில், செல்போன் வெளிச்சத்தில்தான் இந்த ரிஞ்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆவணியில் கூப்பிட்டால் பகலில் வரலாம், பையனும் கூட இருப்பான், கூலியும் குறைவு.