ஏற்றுவதற்கு முன் ஒரு முறை

பழைய மோட்டார் எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன், வெளியே வைத்தே ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஹோண்டா சி70-க்கு இது அவசியமா என்று கேட்கலாம். அந்த எஞ்சின் இரண்டே போல்ட்டில் தொங்குகிறது. பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். எங்களுக்கு அவசியமாக இருந்தது.

ஹோண்டா கப் ஜப்பானில் 1958-ல் வெளியானது. 2017-க்குள் உலகம் முழுக்கப் பத்துக் கோடி வண்டிகள். மலாயாவுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. ஆனால் லாபு தோட்டப்புறத்தில் அந்தப் பெயர்களுக்கு வேலையில்லை. விடியும்முன் பெரட்டுக்குப் போகவும், ஒட்டுப்பால் மூட்டை ஏற்றவும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சிரம்பானுக்கு ஓடவும் ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். பால்மரம் போய் செம்பனை வந்தது. 2009-ல் விமான நிலையம் வரப்போகிறது என்று லாபுவே பரபரத்தது, சில வாரங்களில் அந்தப் பேச்சும் அடங்கியது. தாத்தாவின் சி70 மட்டும் வீட்டுப் பின்புறம் தகரத்துக்குக் கீழே நின்றது.

இப்போது பழைய கப்புக்கு நல்ல விலை. கோலாலம்பூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பா என்னிடம் சொன்னார்: "சத்தத்தக் கேப்போம்டா. அடியில தட்டுதுன்னா குடுத்துருவோம். செலவு பண்ணிக்கிட்டே இருக்க முடியாது."

நியாயம்தான். சிலிண்டரை ஏற்கனவே 1.00 மில்லிமீட்டர் பெரிதாக்கியாயிற்று. ஹோண்டாவின் பிஸ்டனில் அதுதான் கடைசி அளவு. எஞ்சின் எண் கிரேங்க்கேஸில் அடித்திருக்கிறது, கெரானில் இருப்பதும் அதே எண். கிரேங்க்கேஸ் போனால் வண்டியும் காகிதமும் பொருந்தாமல் போய்விடும். ஃபிரேமுக்குச் சாயம், வயரிங், இருக்கை என்று காசைக் கொட்டுவதற்கு முன் எஞ்சின் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு பழைய லாரி டயரில் எஞ்சினை உட்கார வைத்துக் கட்டினேன். சி70-யின் கிக் மாடலுக்குத் தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்தே வருகிறது, பேட்டரி வேண்டாம். இக்னிஷன் காயிலை எஞ்சினோடு எர்த் செய்தால் போதும். பெட்ரோலுக்கு மேலே தொங்கவிட்ட ஒரு பாட்டில். கேம் பற்சக்கரத்தின் குறி, ஃபிளைவீலின் 'டி' குறி, பாயின்ட் திறக்கும் 'எஃப்' குறி எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர். பிளக்கைக் கழற்றிவிட்டு நாற்பது தடவை கிக்கரை மிதித்தேன். டேப்பட் மூடிக்குள் எண்ணெய் மின்னியது. எண்ணெய் மேலே ஏறாமல் ஸ்டார்ட் செய்தால் கேம் ஒரு நிமிஷத்தில் கீறிவிடும்.

எதிர்க்காற்று இல்லாமல் இந்த எஞ்சின் சூடாகிவிடும். அதனால் ஸ்டாண்ட் ஃபேனை முன்னால் வைத்தோம். இரண்டு நிமிஷம்தான் கணக்கு.

ஆறாவது மிதியில் பிடித்தது. சேர்க்கும்போது தடவிய எண்ணெய் முதலில் நீலப் புகையாகப் போனது. அப்பா பீங்கான் கழுவும் பேசினடியிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். நுனியைக் கிரேங்க்கேஸில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டார். அவருக்குக் காது மந்தம். எலும்பு வழியே போகும் அதிர்வுக்கு அந்த மந்தம் குறுக்கே நிற்பதில்லை. பல்கலைக்கழகத்தில் அதிர்வை அளக்க உணர்கருவிகளை ஒட்டி, திரையில் கோடு பார்த்தோம். செனவாங் ஆலையில் இப்போது நான் செய்வதும் அதைத்தான். கேள்வி ஒன்றேதான்: சத்தம் எங்கிருந்து?

"அடியில ஒண்ணுமில்ல," என்றார். நுனியை மேலே தலைக்கு மாற்றினார். "இங்க டிக் டிக்குங்குது."

"டேப்பட்பா. இடைவெளி சரியாத்தான் இருக்கு."

"தெரியும். அது இல்லன்னாதான் பயப்படணும்."

உண்மைதான். இடைவெளியே இல்லாத வால்வு சத்தம் போடாது. சரியாக மூடாமல் அமைதியாகவே கருகிப்போகும்.

பெட்ரோலை அடைத்தேன். அன்று மாலையே அப்பா அந்தக் கோலாலம்பூர்க்காரருக்கு போன் போட்டு, "குடுக்கிற மாதிரி இல்லீங்க" என்றார்.

ஏற்றிய பிறகு முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகும். வீட்டிலிருந்து லாபு ஸ்டேஷன் வரை போய்வருகிற அப்பாவுக்கு அது மாதக்கணக்கில் ஆகும். அவருக்கு அவசரமில்லை.