மூன்றும் ஒரே வீட்டின் மேல்

நியூசிலாந்தில் வயதானவர்களின் தொகை குறையப் போவதில்லை. போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறையின் மூத்தவர்கள் எழுபதைத் தாண்டி எண்பதை நோக்கிப் போகிறார்கள். அவர்களுக்கு இருக்க இடம் வேண்டும். அந்த இடத்தைக் கட்டித் தருகிற கம்பெனியின் பங்கு ஏறத்தானே செய்யும்? இந்த ஒரே கணக்கை நம்பி, ஆக்லாந்தில் நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை 2021-இல் ஓய்வுக் குடியிருப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட்டேன்.

மனைவிக்கு அதில் விருப்பமில்லை. "இந்தப் பணத்தில வீட்டுக் கடனைக் கொஞ்சம் குறைச்சிடலாமே" என்றாள். அப்போது எங்கள் வீட்டுக் கடனுக்கு வட்டி மூன்று சதவீதத்துக்கும் கீழே. "நம்ம பணம் எல்லாம் ஏற்கெனவே வீட்டிலதான் முடங்கிக் கிடக்கு. ஒரே இடத்தில வைக்கக் கூடாது, வேற ஒண்ணுலயும் போடணும்" என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்தாலும் மனது கூசுகிறது.

ஆண்டறிக்கை படிக்காமல் நான் வாங்கவில்லை. இலாபம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. கட்டப் போகிற வில்லாக்களின் பட்டியல் நீளமாக இருந்தது. ஒழுங்காகப் பங்காதாயம் வந்துகொண்டிருந்தது. அதோடு அறிக்கையை மூடிவிட்டேன். அந்த வில்லாவுக்குள் குடிபோகிற முதியவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த ஊரில் அதை ஓ.ஆர்.ஏ. என்பார்கள், குடியிருக்கும் உரிமை ஒப்பந்தம். 2003-ஆம் ஆண்டின் ஓய்வுக் குடியிருப்புச் சட்டப்படி, தனக்கென ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்காமல் யாரும் அதில் கையெழுத்துப் போட முடியாது. அவ்வளவு கனமான தாள் அது. முதியவர் எட்டு லட்சம் டாலர் கொடுத்து ஒரு வில்லாவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வில்லா அவருக்குச் சொந்தமாகாது, வாழும் உரிமை மட்டும்தான். அவர் வெளியேறும்போதோ காலமாகும்போதோ நிர்வாகக் கட்டணமாக இருபது முதல் முப்பது சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். முப்பது என்றால் திரும்புவது ஐந்து லட்சத்து அறுபதாயிரம். அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் குடிவந்த பிறகுதான். இடையில் வில்லாவின் விலை பத்து லட்சம் ஆகியிருந்தால், கூடிய இரண்டு லட்சம் பொதுவாகக் கம்பெனிக்கே.

முதியவர் கொடுக்கும் பணம் கம்பெனிக்கு வட்டியில்லாத கடன் மாதிரி. வங்கியில் கடன் வாங்கி வில்லா கட்டுவார்கள். முதலில் குடிவருபவர் பணம் கொடுத்ததும் அந்தக் கடனை அடைப்பார்கள். அடுத்த நிலத்துக்குப் போவார்கள். சக்கரம் சுற்றும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

2021 அக்டோபரில் நியூசிலாந்து ரிசர்வ் வங்கி தன் வட்டியை ஏற்றத் தொடங்கியது. 0.25 சதவீதமாக இருந்தது 2023 மே மாதத்தில் 5.5 ஆனது. வீட்டு விலைகள் இறங்கின. பங்கும் இறங்கியது. சந்தை எதற்கோ பயப்படுகிறது, முதியவர்களின் எண்ணிக்கை குறையவில்லையே என்று நான் விடாமல் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மையாருக்கு எண்பது வயது இருக்கும். கணவர் போன பிறகு தனியாக இருந்தார். நாலு அறை வீடும் தோட்டமும் இனித் தன்னால் முடியாது என்று, இங்கே வில்லேஜ் என்று சொல்லும் ஓய்வுக் குடியிருப்பு ஒன்றில் இடம் பார்த்து வைத்திருந்தார். அவர் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை கோடை முழுக்க நின்றது. ஏலம் வைத்தார்கள், கேட்பார் இல்லை. பலகையின் மேல் ஒரு பக்கம் பாசி பிடித்திருந்தது. தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போனேன்.

ஒரு மாலை, வேலிக்கு மேலாக ஒரு பை நிறைய ஃபிஜோவா பழம் நீட்டினார். எப்போது வில்லேஜுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "இது விற்காமல் அங்கே கொடுக்க எனக்குப் பணம் ஏது? அந்த இடத்தை விட்டுவிட்டேன். அவர்களும் பாவம், பார்த்துப் பார்த்துக் காத்திருந்தார்கள்" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. சீக்கிரம் விற்றுவிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சமையலறையில் நின்று பழங்களைக் கழுவினேன். ஒன்றை இரண்டாக வெட்டி, சதையைக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டேன். அவர் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் போகாமல் நின்றது. காத்திருந்தவர்கள் யார்? கட்டி முடித்த வில்லாவோடும் அதைக் கட்ட வாங்கிய கடனோடும் காத்திருந்தது ஒரு கம்பெனி. நான் பங்கு வைத்திருந்ததும் அப்படி ஒரு கம்பெனிதான். முதியவருக்கு வில்லா வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவர் வீடு விற்றால்தான் அதற்குப் பணம். வாசலில் நின்ற அந்தப் பலகைதான் என் பங்கின் விலை.

கையைத் துடைத்துக்கொண்டு ஆண்டறிக்கையை எடுத்தேன். இந்த முறை பணப்புழக்க அறிக்கைக்குப் போனேன். என்னைக் கவர்ந்த இலாபத்தில் பெரும்பகுதி, மதிப்பீட்டாளர் வந்து கட்டடங்களின் மதிப்பு கூடியதாக எழுதியது. வீட்டு விலை ஏறியதால் தாளில் ஏறிய பணம். கைக்கு வந்த ரொக்கம் வேறு, அது மிகவும் சிறியது. கட்டுமானத்துக்குப் போனது பெரிய தொகை. இடைவெளியை நிரப்பியது வங்கிக் கடன். அதற்கு இரண்டு வரி தள்ளி, எனக்குக் கொடுத்த பங்காதாயம் இருந்தது. எதுவும் மறைக்கப்படவில்லை. நான் வாங்கும் முன்பே அதே இடத்தில் இருந்த வரிகள் அவை.

என் வீடு, அதன் மேலுள்ள கடன், நான் 'வேற ஒண்ணு' என்று வாங்கிய பங்கு. மூன்றும் ஒரே வீட்டுச் சந்தையில் நின்றுகொண்டிருந்தன. அன்றிரவு மனைவியிடம் அதைச் சொன்னேன். "அன்னைக்கே கடனைக் குறைக்கச் சொன்னேனே" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தத் துறை முழுக்க அதே வலி இருந்தது. எல்லோரையும்விடப் பெரிய நிறுவனம் ரைமன் ஹெல்த்கேர், 1984-இல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கியது. ஒரு காலத்தில் 15 டாலருக்கு மேல் விற்ற பங்கை 2023 பிப்ரவரியில் 5 டாலருக்குக் கொடுத்து 902 மில்லியன் டாலர் திரட்டியது, 2025-இல் 3.05 டாலருக்குக் கொடுத்து மேலும் ஒரு பில்லியன். நான் வாங்கியது வேறு கம்பெனி. அதுவும் பங்காதாயத்தை நிறுத்தியது.

எங்கள் வீட்டுக் கடனின் நிலைவட்டிக் காலம் முடிந்து, புதிய வட்டி ஆறைத் தாண்டியபோது தவணை கட்ட முடியவில்லை. பங்குகளை விற்றோம். போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. தவணையில் குறைந்ததற்கு மனைவி சனிக்கிழமை ஷிஃப்டும் எடுத்தாள். அவள் விடுமுறை நாட்களை நான் செலவழித்துவிட்டேன் என்பதை இன்னும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்து வீடு கடைசியில் விற்றது, அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக. அவர் இப்போது சிறிய யூனிட் ஒன்றில் இருக்கிறார், நிம்மதியாகத்தான் இருக்கிறார். அவருக்கு அந்த வில்லேஜ் தேவைப்பட்டது என்று நான் நினைத்தது சரியே.

வட்டி மறுபடி இறங்கியபின் ஒரு நண்பர் ஃபோன் செய்தார். "அந்தப் பங்குகள் எல்லாம் இப்போ மலிவாக் கிடக்கே, வாங்கலாமா?" பதில் சொல்லும் முன், அவருக்கு வீட்டுக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன்.