சீட்டு கவுண்டரில் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி



அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல "புது கம்ப்யூட்டர்ல ஏன் அண்ணே பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடுது?"ன்னு பலரும் கேட்கிறீங்க. காரணம் இதுதான்.

நம்ம கோயில் உபயப் பதிவு முழுக்க ஒரு பழைய புரோகிராம்ல இருக்கு. எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் பூசை, அப்பா அம்மா திதி எப்போ, யாருக்கு என்ன நட்சத்திரம், எல்லாம் அதுக்குள்ளதான். அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுட்டார். புது விண்டோஸ்ல அது திறக்கல. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல்லயே ஆதரவை நிறுத்திடுச்சு. பழைய கம்ப்யூட்டரும் எத்தனை நாள் தாங்கும்?

அதனால விர்ச்சுவல்பாக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் போட்டிருக்கோம். புது கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய்க் கம்ப்யூட்டரை அது ஓட்டுது. அதுக்குள்ள எக்ஸ்பி, எக்ஸ்பிக்குள்ள நம்ம புரோகிராம். பாதுகாப்புக்காக இன்டர்நெட் இணைப்பு கொடுக்கல. கூலாய், செடெனாக் பக்கம் பெரிசு பெரிசா டேட்டா சென்டர் எழும்புதே, அங்கேயும் ஒரே இயந்திரத்துல பல கணினிகளை ஓட்டுறது இந்த வித்தையாலதான்.

இனி கவுண்டர்ல உட்காரும் தம்பி தங்கச்சிகளுக்கு. அந்தச் சன்னலை மூடினா மூணு கேள்வி வரும். 'சேவ் ஸ்டேட்'னா அப்படியே தூங்க வைக்கிறது, திரும்ப வந்தா விட்ட இடத்துலயே நிக்கும். 'ஷட்டவுன் சிக்னல்'னா முறையா அணைக்கச் சொல்றது. 'பவர் ஆஃப்'னா ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குறது. நான் வேலை செய்ற தொழிற்சாலையில மெஷின்ல சிவப்பு அவசர பட்டன் இருக்கும். ஆபத்துக்குத்தான் அது, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப யாரும் அதை அழுத்த மாட்டோம். சீட்டு எழுதிக்கிட்டு இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினா பதிவுக் கோப்பே கெட்டுப் போகலாம். பரபரப்பான நாள்ல எல்லாருக்கும் கை அவசரம்தான், அதனால தினமும் முதல் ரெண்டுல ஒண்ணு மட்டும்.

அதைவிட பயமானது 'ஸ்னாப்ஷாட்'. அந்த நிமிஷத்துல கணினி எப்படி இருந்ததோ அப்படியே அது பிடிச்சு வைக்கும். நல்ல விஷயம்தான். ஆனா தைப்பூசத்துக்கு முதல் நாள் எடுத்ததை, தைப்பூசம் முடிஞ்சு 'ரெஸ்டோர்' அழுத்தினா, தைப்பூசத்தன்னிக்கு எழுதின சீட்டு, காவடிப் பதிவு, உபயம் எல்லாம் காணாமப் போயிடும். அந்தப் பட்டனை யாரும் தொட வேண்டாம், எனக்குப் போன் பண்ணுங்க.

ஸ்னாப்ஷாட்டை நம்பி இருக்கவும் கூடாது. அதுவும் அதே ஹார்ட் டிஸ்க்லதான் கிடக்கு, டிஸ்க் போனா ரெண்டும் போச்சு. அதனால மாசம் ஒருமுறை எக்ஸ்பியை முறையா அணைச்சிட்டு, 'எக்ஸ்போர்ட்' மூலமா முழுசையும் ஒரே கோப்பாக்கி வெளி டிஸ்க்ல எடுக்கிறோம். அந்த டிஸ்க் கோயில்ல இருக்காது, பொருளாளர் வீட்டுல இருக்கும்.

இதை இப்போ என்னோட இன்னும் ஒருத்தருக்குத்தான் தெரியும், அது போதாது. கத்துக்க விருப்பமுள்ள பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயரட்சை பூசைக்குப் பிறகு கவுண்டருக்கு வாங்க. அரை மணி நேரம் போதும். நோட்டும் பேனாவும் கொண்டு வாங்க.