டாக்டரம்மா அண்ணனைக் காப்பி குடிக்க அனுப்பின கதை

ஏட்டி செண்பகம்,

போன்ல பேசலாம்னா நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள உன் மாமியார் கூப்பிட்டுருதாங்க, நீயும் 'வைக்கேன், வைக்கேன்'னு ஓடிருத. அதான் பழையபடி காயிதமும் பேனாவுமா உக்காந்துட்டேன். இங்க அடையாறுல எனக்குக் காத்திருக்கதுதான் வேலை, நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. நீ மத்தியானம் படுத்துக்கிட்டே நிதானமாப் படி.

மதினிக்கு என்னன்னு உனக்குத் தெரியும். தெருவுல 'சின்னக் கட்டி'ன்னு சொல்லி வச்சது அண்ணன் ஏற்பாடு. மார்ல புத்துநோய், வலது பக்கம், அக்குள்லயும் நெறி கட்டியிருக்கு. அங்க நம்ம பக்கத்து டவுன்ல முதல்ல காட்டினோம்லா, அந்த ஆஸ்பத்திரி பேரு எதுக்கு, அந்த டாக்டரு ரிப்போர்ட்டைப் பாத்துக்கிட்டே அண்ணன்கிட்ட மட்டும் பேசினாரு. உடம்பு மதினியோடது, அவ பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கா, ஒரு தடவை நிமிர்ந்து அவ முகத்தைப் பாக்கணுமே! வெளிய வந்ததும் அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவளுக்குத் தெரிய வேண்டாம்ட்டி, பயந்துருவா'ன்னு அழுதான். அன்னையிலேருந்து வீட்டுல நாடகம்தான். நான் சிரிச்ச முகமா இருந்து இருந்து கன்னமே வலிச்சுப்போச்சு.

இங்க அடையாறு புத்துநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தும் அண்ணன் அதே பாட்டைத்தான் பாடினான். டாக்டரம்மாவை வாசல்லயே மறிச்சு, 'அவகிட்டச் சொல்லாதீங்கம்மா'ன்னான். சின்ன வயசுதான் அவங்களுக்கு, நாப்பது இருக்குமா இருக்காதா, சுங்கடிச் சேலை. அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு, 'சரிங்க, நீங்க போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க'ன்னு அனுப்பி வச்சிட்டாங்க. என்னைக் காட்டி மதினிகிட்ட, 'இவங்க இருக்கலாமா?'ன்னு கேட்டாங்க பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோயாளியைக் கேட்டு யாரையும் உக்கார வைக்கிறதை நான் எங்க கண்டேன்?

நாற்காலியை மதினி பக்கமா இழுத்துப் போட்டு, 'உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு நீங்க நினைக்கிறீங்க?'ன்னு கேட்டாங்க. மதினி கொஞ்சங்கூடத் தயங்கலை. 'புத்துநோய்தானே டாக்டர்? அந்தக் காயிதத்தை அவங்க தூங்கினப்புறம் எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க உடைஞ்சு போவாங்கன்னு வாயைத் திறக்கலை'ங்கா! ஏட்டி, அவ பயந்துருவாளேன்னு இவனும், இவன் உடைஞ்சுருவானேன்னு அவளும், நடுவுல நான் ஒருத்தி கன்னம் வலிக்கச் சிரிச்சுக்கிட்டு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து டாக்டரம்மா முன்னால மானம் போச்சு. அவங்களும் லேசாச் சிரிச்சாங்க.

அப்புறம், 'என்ன வேலை பாக்குறீங்க?'ன்னு கேட்டாங்க. தையல்னு சொன்னதும் முகம் மாறிச்சு. 'அப்போ இந்தக் கையை நாம பத்திரமாப் பாத்துக்கணும்'னு மதினியோட வலது கையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஆபரேஷன்ல அக்குள் நெறியை எடுத்தா நிணநீர் வடியாம கை வீங்கிரக் கூடுமாம். அதுக்காகப் பின்னால அந்தக் கையில ரத்தம் எடுக்கக் கூடாது, பிரஷர் பாக்கக் கூடாது, தைக்கையில ஊசி குத்தாம விரலுக்கு உறை போட்டுக்கணும், சுவத்துல விரலை நடக்கவிட்டு மெள்ள மெள்ளக் கையை உசத்திப் பழகணும்னு செஞ்சே காட்டினாங்க. அந்த ரூம்பு சுவத்துல அவங்க விரலும் மதினி விரலும் பக்கத்துல பக்கத்துல ஏறினதை நீ பாக்கலையே.

மொதல்ல கீமோ ஊசியாம், மூணு வாரத்துக்கு ஒண்ணு. கட்டி சுருங்கினா மார்பு முழுசையும் எடுக்காம கட்டியை மட்டும் எடுக்க வழி உண்டாம், அதுக்கு மேல கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்கணும். மருந்துல ஒண்ணு செக்கச்செவேல்னு இருக்கு. மறுநாள் ஒண்ணுக்குச் சிவப்பாப் போகும், ரத்தம்னு பயப்படாதீங்கன்னு முன்கூட்டியே சொன்னதால தப்பிச்சோம், இல்லைன்னா அண்ணன் ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரியையே எழுப்பியிருப்பான். காய்ச்சல் 100.4க்கு வந்தா மட்டும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, உடனே ஓடி வரணும், அதுல விளையாட்டே கிடையாதுன்னு ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாங்க. நோய்க்குப் பொம்பளை ஹார்மோன் தீனி போடுதான்னு ஒரு டெஸ்ட்டும் எடுத்திருக்கு. ஆமான்னா எல்லாம் முடிஞ்ச பிறகு தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷமாவது சாப்பிடணும்.

இந்த ஆஸ்பத்திரி வந்த கதையும் உனக்குச் சொல்லணும். முத்துலட்சுமி ரெட்டி தெரியும்லா, பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அவங்க தங்கச்சி புத்துநோயிலதான் போனாங்க. அந்த வேதனையில பிறந்த ஆசை பல வருஷம் கழிச்சு 1954ல பன்னிரண்டு படுக்கையோட ஆஸ்பத்திரியாச்சு. அவங்க மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல வந்து சேர்ந்த சாந்தா டாக்டரும் சேர்ந்து வளர்த்ததுதான் இவ்வளவும். சாந்தா டாக்டர் கல்யாணங்கூட கட்டிக்கிடாம, இந்த வளாகத்துலயே குடியிருந்து, 2021 ஜனவரியில போய்ச் சேருற வரைக்கும் நோயாளிங்களோடவே இருந்தாங்க. 2005ல மகசேசே விருது வாங்கினவங்க. இப்போ உள்ள டாக்டர்களுக்கு அவங்க காத்து பட்டிருக்கும்னு நான் நினைச்சுக்கிடுதேன்.

ஒரேயடியா உசத்திச் சொல்லிட்டேன்னு நினைக்காதே. கூட்டம்னா அப்படிக் கூட்டம், எங்கெங்கேருந்தோ வந்து காத்துக் கிடக்காங்க. ஒரு நாள் டாக்டரம்மா எங்ககிட்ட மொத்தமே நாலு வார்த்தைதான் பேசினாங்க, எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. 'இன்னிக்கு முடியலைம்மா, வியாழக்கிழமை கேளுங்க'ன்னாங்க. அட போங்கன்னு நினைச்சேன். வியாழக்கிழமை நாங்க வாயைத் திறக்குமுன்ன, 'முடியைப் பத்திக் கேக்கணும்னீங்களே'ன்னு அவங்களே ஆரம்பிச்சாங்க. எத்தனை பேரைப் பாக்குற மனுஷி, எப்படி ஞாபகம் வச்சாங்களோ! கொட்டுறதுக்கு முந்தியே குட்டையா வெட்டிக்கிட்டா மனசுக்கு லேசா இருக்கும், இல்லை அப்படியே விட்டாலும் சரி, உங்க இஷ்டம்னாங்க. மதினி வெட்டிக்கிட்டா. வெட்டினது யாருங்குத? அண்ணன்!

வெளியில எங்க பக்கத்துல ஒரு தாத்தா உக்காருவாரு. பொகையிலை போட்டுப் போட்டு வாயில வந்து, நாக்குல பாதியை எடுத்திருக்காங்க, பேச வராது. ஒரு நோட்டு வச்சிருக்காரு. மகன் அவருக்குப் பதிலாப் பேச வாயெடுத்தா டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திருவாங்களாம், அவரு எழுதி முடிக்கிற வரைக்கும் பேசாம காத்திருப்பாங்களாம். தாத்தாவே நோட்டுல எழுதிக் காட்டினாரு. எழுத்து மணிமணியா இருக்கு, நம்ம தமிழ் வாத்தியார் பாத்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பாரு.

நாங்க தங்கியிருக்க ரூம்புதான் எனக்குப் பிடிக்கலை. கொசு, உப்புத் தண்ணி, ஓட்டல் சாம்பார்ல இனிப்பு. மதினிக்கு நம்ம ஊரு உளுந்தங்கஞ்சிதான் இறங்குது, அதுக்குன்னு ஒரு கரண்டு அடுப்பு வாங்கிட்டோம். அண்ணன், தன் தட்டைக்கூட எடுத்துப் போடாத நம்ம அண்ணன், கஞ்சிப் பாத்திரம் தேய்க்கான்ட்டி. ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லைன்னு ஆனதுலேருந்து ரெண்டு பேரும் ராத்திரி குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருக்காங்க, எனக்குத்தான் தூக்கம் போச்சு.

நீ எனக்கு ரெண்டு காரியம் செய்யணும். எங்க அம்மை முள்சீத்தா இலையை மூட்டை கட்டி அனுப்புவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. டாக்டரம்மா, 'எதைக் குடிக்கிறதா இருந்தாலும் என்கிட்டச் சொல்லிட்டுக் குடிங்க, மருந்தோட மோதிரும்'னு சொல்லியிருக்காங்க, நீ போய் எடுத்துச் சொல்லு, நான் சொன்னா எரிஞ்சு விழுவா. அப்புறம், ரயிலுக்கு ஸ்டேஷன்ல கேட்டு வை, ஸ்லீப்பர்ல மதினிக்கு டிக்கெட் காசே கிடையாது, கூட வர்ற ஒருத்தருக்கு முக்கால்வாசி கழிவு, ஆஸ்பத்திரிப் படிவம் இருந்தாப் போதும். மதினி இடையில ஊருக்கு வந்துட்டு அடுத்த ஊசிக்குக் கிளம்பும்போது அவ கூட நீ வாயேன், அண்ணனுக்கும் லீவு தீர்ந்துக்கிட்டு வருது. வரும்போது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வராதே.

உன் மாம்பழக் கலரு ரவிக்கை வெட்டினது வெட்டினபடி மிஷின்ல கிடக்காம். கையை முழங்கை வரைக்கும் வைக்கவா, பஃப் வைக்கவான்னு மதினி கேக்கச் சொன்னா. சீக்கிரம் பதில் போடு, ஆபரேஷனுக்கு முந்தித் தச்சு முடிச்சிரணும்ங்கா.

உன்
கோமு