நீச்சல் தெரியாதவரும் நுழையலாம்... ஒகினாவாவின் நீலக் குகைக்குள் ஒரு டைவ்!

ஜப்பானின் தெற்கே, ஒகினாவா தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறவிடாத இடங்களில் ஒன்று 'ஆவோ நோ தொகுட்சு'. தமிழில், நீலக் குகை. நாஹா நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஒன்னா கிராமத்தின் மயேதா முனையில், சுண்ணாம்புப் பாறையைக் கடல் குடைந்து குடைந்து உருவாக்கிய குகை இது. ஸ்கூபா டைவிங் என்றால் என்னவென்றே தெரியாதவர்களைக்கூட வழிகாட்டிகள் இதற்குள் அழைத்துப் போகிறார்கள்.

கடலுக்குள் குகையா என்று பயம் வருவது நியாயம்தான். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மீட்புப் பணியில், முன்னாள் கடற்படை வீரர் சமான் குனானே உயிரிழந்தார். அப்படியிருக்க, முதல்முறை டைவ் செய்பவர்களை இங்கே எப்படி அனுமதிக்கிறார்கள்?

விடை தலைக்கு மேலே இருக்கிறது. தாம் லுவாங்கில் பல இடங்களில் தண்ணீர் கூரையைத் தொட்டு நின்றது. மேலே எழும்பினால் பாறைதான் முட்டும். நீலக் குகையில் தண்ணீருக்கும் கூரைக்கும் நடுவே காற்று இருக்கிறது. சிக்கல் என்றால் வழிகாட்டி உங்களை மேலே கொண்டுவந்துவிடலாம். வாசலும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வாசல் வழியே நீருக்குள் நுழையும் சூரிய ஒளி, அடியில் உள்ள வெளிர் நிற மணலில் பட்டுத் திரும்புகிறது. சிவப்பு நிறத்தைத் தண்ணீர் விழுங்கிவிட, மிஞ்சுவது நீலம். அந்த நீலம் அழகு மட்டுமல்ல, வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளமும்கூட!

நீச்சல் தெரிய வேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால், நன்றாக நீந்துபவர்களுக்கு இங்கே ஒரு பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். மூச்சை அடக்கும் பழக்கம். ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நிரப்பிய காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது நுரையீரலுக்குள் இரு மடங்காக விரியப் பார்க்கும். புதியவர்களை ஐந்தாறு மீட்டருக்குள்ளேயே வைத்திருந்தாலும் விதி அதேதான்.

அடுத்தது காது. கொடைக்கானல் பஸ்ஸில் அடைக்குமே, அதேபோலத்தான். கொஞ்சம் வேகமாகவே அடைக்கும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலித்தால் இறங்கக் கூடாது. பேச முடியாது என்பதால் எல்லாம் சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமல்ல, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டினால் டைவ் அத்தோடு முடிந்துவிடும்! 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

குகைக்குள் 'ஹதாம்போ' என்று ஜப்பானியர்கள் அழைக்கும் சிறு மீன்கள் கூட்டமாக மிதக்கும். அவை இருட்டை விரும்பும் மீன்கள். வெளியே பவளப்பாறைப் பக்கம் வந்தால் வண்ணத்துப்பூச்சி மீன்கள்.

இத்தனைக்கும் நடுவே, இறங்குவதற்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தைப் பலரும் கடமைக்கு டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அங்கேதான் ஆபத்து. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை இருந்தால் மறைக்கவே கூடாது. டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், அல்லது இறங்க விடமாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடையாது. முன்பதிவு செய்யும்போதே, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் இரண்டு பேர்தான். கட்டணம் குறைவு என்பதற்காகக் கூட்டத்தோடு கூட்டமாக இறங்குவது சரியல்ல.

அலை அதிகமானால் மயேதா முனையில் கடலில் இறங்கவே தடை போட்டுவிடுவார்கள். புயல் மாதங்களிலும், வடக்குக் காற்று வீசும் குளிர்காலத்திலும் இது சகஜம். எனவே, ஒகினாவா பயணத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் இதற்கென ஒதுக்குவது ரிஸ்க். கடைசி நாளுக்குத் தள்ளிப்போடவும் முடியாது. டைவ் முடிந்து 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது பாதுகாப்பு.

இன்னொன்று... கரையிலிருந்து போனால், கடலுக்கு இறங்க ஏறத்தாழ நூறு படிகள். திரும்பி வரும்போது, சுமார் 20 கிலோ உபகரணங்களோடு அத்தனையும் ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்கள் படகில் போவதே நல்லது.